அருங்காட்சியகத்தில் பணியிடப் பாதுகாப்புக் களப்பயிற்சி: எங்கே தொடங்குவது, எதை அளப்பது?

தேன்சிட்டு:

அனைவருக்கும் வணக்கம். தொழிலகப் பாதுகாப்பு படிக்கிறேன். களப்பயிற்சிக்கு ஓர் அருங்காட்சியகம் கிடைத்திருக்கிறது. பாடம் செய்த விலங்குகள், பறவைகள், ஸ்பிரிட் ஜாடிகளில் மீனும் பாம்பும், உலர்தாவரத் தாள்கள், கனிமங்கள், பழைய அறிவியல் கருவிகள் என்று கலவையான சேகரிப்பு. கூடவே ஒரு பேணல் ஆய்வகமும், காட்சிப் பேழை செய்யும் தச்சுப் பட்டறையும் உண்டு. வகுப்பில் படித்ததெல்லாம் கொதிகலன், பிரஸ், கட்டுமானத் தளம். இங்கே எதைப் பார்ப்பது என்றே பிடிபடவில்லை. முடிவில் இடர் மதிப்பீட்டு அறிக்கை ஒன்று கொடுக்க வேண்டும். 5×5 அட்டவணை (நேரும் வாய்ப்புக்கு 5 வரை, விளைவுக்கு 5 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்குவது) போட்டு முழுக் கட்டடத்தையும் நிரப்பிவிடலாமா? கருவி வைத்து அளக்கும்படி ஏதாவது உண்டா?

நூலாம்படை:

முழுக் கட்டடம் வேண்டாம் அம்மா. வழுக்கும் படி, தொங்கும் ஒயர், தேதி முடிந்த தீயணைப்பான் என்று பக்கம் பக்கமாக வரும். அதைக் கட்டடப் பராமரிப்பாளரே எழுதிவிடுவார்.

நீங்கள் தேட வேண்டியது ஒன்றுதான்: பொருளைக் காக்கச் செய்த ஏற்பாடு எங்கெல்லாம் ஆளுக்கு எதிராக வேலை செய்கிறது? காட்சிப் பேழையையும் அலமாரியையும் காற்றுப் புகாமல் அடைப்பது பூச்சிக்கும் ஈரப்பதத்துக்கும் நல்லது. அதே அடைப்பு பாதரச ஆவியையும் அந்துருண்டை வாசத்தையும் உள்ளே சேர்த்து வைத்து, கதவைத் திறப்பவர் முகத்தில் மொத்தமாக விடுகிறது. துணிக்கும் தாளுக்கும் 50 லக்ஸ் ஒளி போதும் என்பார்கள். அந்த ஒளியில் மேடையின் விளிம்பு தெரியாது. திருட்டுக்குப் பயந்து போட்ட பூட்டு, தீ வந்தால் வெளியேறும் வழியையும் சேர்த்துப் பூட்டுகிறது. வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டால் கைரேகை படியாது, ஆனால் தூசியை உறிஞ்சித் தோலுக்கே கொண்டு சேர்க்கும்.

ஒரே ஒரு சேமிப்பு அறையையும் அங்கே நடக்கும் இரண்டு மூன்று வேலைகளையும் எடுத்துக்கொண்டு அடிவரை போங்கள். ஜாடிக்கு ஸ்பிரிட் நிரப்புவது, பறவைத் தட்டைச் சுத்தம் செய்வது, மேல் தட்டுப் பெட்டியை இறக்குவது. இந்த மூன்றே போதும்.

புகைமானி:

நூலாம்படை சொன்னதோடு ஒத்துப்போகிறேன். அளவீட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

பாடம் செய்த உயிரினங்களில் முதல் சந்தேகம் ஆர்சனிக். பிரான்சில் 18ஆம் நூற்றாண்டில் பெக்கூர் என்பவர் உருவாக்கிய ஆர்சனிக் சோப்பு உலகம் முழுக்கப் பரவி, 1980கள் வரைகூடப் பல இடங்களில் புழங்கியது. தோலின் உட்புறம் பூசுவார்கள். காலப்போக்கில் தோல் காய்ந்து வெடிக்கும்போது தையல், காது மடல், கண் ஓரம், கால் அடி வழியாக வெளியே வரும். இறகின் அடியில் வெள்ளைப் பொடி தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. தெரியவில்லை என்றால் எதுவும் நிரூபணமாகவில்லை. ஆகவே 1980களிலோ அதற்கு முன்போ பாடம் செய்த எதையும், ‘இல்லை’ என்று சோதனை காட்டும்வரை, ‘உண்டு’ என்றே வைத்து வேலை செய்யுங்கள்.

உலர்தாவரத் தாளில் சந்தேகம் மெர்குரிக் குளோரைடு. செடியைச் சுற்றித் தாள் சாம்பலாகவோ கருப்பாகவோ நிறம் மாறியிருப்பது ஓர் அறிகுறி. அது மெல்ல மெல்லப் பாதரச ஆவியாக மாறி அலமாரிக்குள் தேங்கும்.

நீங்கள் செய்யக்கூடிய அளவீடு துடைப்பு மாதிரி: பரப்பைத் துடைத்து, துணியில் ஒட்டிய நச்சை ஆய்வகத்தில் அளப்பது. முறை இதுதான்:

10 செ.மீ. × 10 செ.மீ. திறப்புள்ள அட்டை வார்ப்பு ஒன்று. காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த துடைப்புத் துணி. இடமிருந்து வலமாக எஸ் வடிவில் ஒருமுறை துடைத்து, அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி மடிக்கவும். அடுத்து மேலிருந்து கீழாக, பிறகு மடிப்பு. கடைசியாக ஓரங்களைச் சுற்றி ஒருமுறை. மூடியுள்ள குழாயில் போட்டு எண் எழுதவும். ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் கையுறை, புது வார்ப்பு. ஒவ்வொரு தொகுதிக்கும் எதையும் துடைக்காத வெற்று மாதிரி ஒன்றாவது சேர்க்க வேண்டும். அது இல்லாமல் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

எங்கே துடைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அலமாரித் தட்டில் மட்டும் எடுத்து, ஆர்சனிக் இருக்கிறது என்று எழுதினால் யாருக்கும் புது விஷயம் இல்லை. தட்டு, கதவுக் கைப்பிடி, தள்ளுவண்டியின் பிடி, அறைக்கு வெளியே தரை, பதிவாளர் மேசை, விசைப்பலகை, தேநீர் மேசை என்று ஒரு வரிசையாக எடுங்கள். தூசி எதுவரை நடந்து போயிருக்கிறது என்று அந்த வரிசை காட்டும். நிர்வாகத்தை அசைப்பது தேநீர் மேசையில் வரும் எண்தான்.

சாரக்கட்டு:

கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி (எக்ஸ்கதிர் பாய்ச்சித் தனிமங்களைக் கண்டறிவது) இருந்தால் துடைப்பே தேவையில்லையே? பொருளின் மேல் காட்டினால் நொடியில் தெரிந்துவிடும்.

புகைமானி:

இரண்டும் வேறு கேள்விக்கு விடை சொல்பவை சார். எக்ஸ்ஆர்எஃப் பொருளில் என்ன தனிமம் இருக்கிறது என்று சொல்லும். கைக்கு எவ்வளவு வரும் என்று துடைப்புதான் சொல்லும்.

எக்ஸ்ஆர்எஃப்பில் இன்னொரு பொறி. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ்கதிரைத் திருப்பி விடும், அதைத்தான் கோடு என்கிறோம். ஆர்சனிக்கின் முதன்மைக் கோடு 10.54 கிலோ எலக்ட்ரான் வோல்ட்; ஈயத்தின் கோடு 10.55. கருவியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய பேழையில் ஈய வண்ணம் பூசியிருந்தால் திரையில் ஆர்சனிக் என்று வரும். 11.73இல் ஆர்சனிக்கின் இரண்டாம் கோடு இருக்கிறதா, 12.61இல் ஈயத்தின் இரண்டாம் கோடு இருக்கிறதா என்று நிறமாலையைத் திறந்து பார்க்க வேண்டும். திரையில் தெரியும் பெயரை அப்படியே அறிக்கையில் ஏற்றாதீர்கள். ரோமமும் இறகும் சமமான பரப்பு இல்லை என்பதால் அது தரும் அளவு எண்ணையும் நம்ப முடியாது. உண்டா இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிடிடி, நாப்தலீன் போன்ற கரிமப் பூச்சிக்கொல்லிகளை அதனால் அடையாளம் காண முடியாது.

தவிர, அது எக்ஸ்கதிர் கருவி. கதிர்வீச்சுப் பயிற்சி பெற்றவர்தான் இயக்க வேண்டும். மாதிரியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து மறு கையால் சுடுவதைப் பார்த்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

நூலாம்படை:

அந்துருண்டை பற்றி ஒரு சின்ன உபாயம். டப்பாவில் பெயர் இல்லாமல் கிடக்கும் வெள்ளை உருண்டை கற்பூரமா, நாப்தலீனா, பாராடைகுளோரோபென்சீனா? சாதாரண நீரில் போட்டால் கற்பூரம் மிதக்கும், மற்ற இரண்டும் மூழ்கும். இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்த நீரில் போட்டால் நாப்தலீன் மிதக்கும், பாராடைகுளோரோபென்சீன் மூழ்கும். கையுறையோடு, ஃபியூம் ஹுட்டுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) செய்யுங்கள்.

தேன்சிட்டு:

நன்றி அக்கா, நன்றி ஐயா. பறவைத் தட்டுச் சுத்தம் செய்யும் வேலையை இப்போது மென் தூரிகையாலும் வீட்டு வாக்குவம் கிளீனராலும் செய்கிறார்கள். எல்லோரும் துணி முகக்கவசம் போட்டிருக்கிறார்கள். முதலில் எதை மாற்றச் சொல்வது?

புகைமானி:

வாக்குவத்தை. வீட்டுக் கருவியின் வடிகட்டி நுண்தூசியைப் பிடிக்காது. முன்னால் உறிஞ்சியதைப் பின்னால் அறை முழுக்க ஊதிவிடும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிக்கும் ஹெபா வடிகட்டியும், உறிஞ்சும் விசையைக் குறைக்கும் திருகும் உள்ள கருவி வேண்டும். திருகு இல்லாவிட்டால் இறகு பிய்ந்துவிடும் என்று காப்பாட்சியர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் சொல்வதும் நியாயம். முனையில் மெல்லிய வலை கட்டிக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி. துடைப்பம் போடுவதும் அழுத்தக் காற்று ஊதுவதும் அறவே கூடாது.

அடுத்தது கையுறை: பருத்தியை எடுத்துவிட்டு நைட்ரைல், ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு. வெளிக் கையுறையைத் தட்டு மாறும்போது மாற்றுவது. கையுறையோடு பேனா, கைபேசி, கதவுப்பிடி தொடக்கூடாது. நடைமுறையில் இந்த ஒன்றுதான் தினமும் மீறப்படுகிறது. பதிவு எழுத ஒருவர், பொருளைத் தொட ஒருவர் என்று இருவராகப் பிரித்தால் மீறவே வாய்ப்பில்லை.

முகக்கவசம் கடைசி. துணி எதற்கும் உதவாது. நுண்தூசியை வடிகட்டும் எஃப்எஃப்பி3 அல்லது பி100 வகைக் கவசம் வேண்டும், முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்டோடு. தாடி இருந்தால் விளிம்பு ஒட்டாது. தூசிக் கவசம் ஃபார்மால்டிஹைடு ஆவியையும் பாதரச ஆவியையும் தடுக்காது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரே கவசத்தைப் போட்டுக்கொண்டு ஜாடி அறைக்கும் போய்விடுகிறார்கள்.

கண்ணாடிமூடி:

ஜாடி அறை என்று வந்துவிட்டதால் நான். பலரும் ஃபார்மலினுக்கு (ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர்) பயப்படுவார்கள், ஸ்பிரிட்டாக நிற்கும் எத்தனாலை மறந்துவிடுவார்கள்.

70 சதவீத எத்தனாலின் தீப்பற்றுநிலை சுமார் 17 டிகிரி. அதாவது சாதாரண அறை வெப்பத்திலேயே ஜாடியைத் திறந்தால் பற்றக்கூடிய ஆவி வெளியே நிற்கிறது. காற்றில் 3.3 சதவீதம் சேர்ந்தாலே போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். அதனால் மூக்கு உயரத்தில் இருக்கும் விளக்கை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள பிளக், ஈரப்பத நீக்கி, குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசர், நீட்டிப்புப் பலகை இவைதான் பற்றவைப்பவை.

நிரப்பும் வேலையில் இன்னொரு சங்கதி. ஆவியாகும்போது நீரைவிட எத்தனால் வேகமாகப் போகும். மட்டம் குறைந்த ஜாடியில் மிச்சம் இருப்பது 70 அல்ல, அதற்கும் கீழே. அதன் மேல் 70ஐ ஊற்றினால் மொத்தமும் 70ஐத் தொடாது, சில வருடங்களில் மாதிரி அழுகத் தொடங்கும். பிறகு ஜாடியைத் திறந்து மாதிரியை மாற்றும் பெரிய வேலை வரும். ஆவியும் சிந்தலும் அதில்தான் அதிகம். ஆகவே அடர்த்திமானியால் செறிவை அளந்து ஈடுகட்டி ஊற்றுவது மாதிரிக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது. லேபிளில் ஸ்பிரிட் என்று இருந்தாலும் உள்ளே ஃபார்மலின் கலந்திருக்கலாம். முதலில் ஃபார்மலினில் பதப்படுத்தி, சரியாகக் கழுவாமல் எத்தனாலுக்கு மாற்றிய மாதிரிகள் நிறைய.

ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி முதல் வகையில் வைத்திருக்கிறது. அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் வரம்பு 8 மணி நேரச் சராசரிக்கு 0.75 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), 15 நிமிடத்துக்கு 2 பிபிஎம். அங்குள்ள தொழில் சுகாதார வல்லுநர் சங்கமான ஏசிஜிஐஎச்சின் பரிந்துரை இன்னும் கடுமை: சராசரி 0.1, குறுகிய நேரம் 0.3. எந்த வரம்பை எடுத்தாலும் அளவீட்டை வேலை நடக்கும்போது எடுங்கள், மூச்சு விடும் உயரத்தில், சட்டைக் காலரில் மாட்டி. மூடிய ஜாடிகள் உள்ள அறையில் காலையில் வைத்து மாலையில் எடுத்தால் அழகான சிறிய எண் வரும். மூக்கை நம்ப வேண்டாம். சிறிது நேரத்தில் பழகிவிடும்.

சிந்தினால் பிடிக்க, பெரிய ஜாடியின் கொள்ளளவில் 110 சதவீதம் தாங்கும் தட்டு கீழே வேண்டும். கனமான ஜாடிகள் கீழ்த் தட்டில். மூடியைப் பிடித்து எந்த ஜாடியையும் தூக்கக்கூடாது; ஒரு கை அடியில், ஒரு கை உடலில்.

தேன்சிட்டு:

பேணல் ஆய்வகத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி வளையும் உறிஞ்சு குழாய் இருக்கிறது. அது போதுமா?

கண்ணாடிமூடி:

எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். குழாய் வாயின் விட்டம் 20 செ.மீ. என்றால், வாயிலிருந்து 20 செ.மீ. தள்ளிப் போனதும் காற்றின் வேகம் வாயில் இருந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். வேலை செய்பவர்கள் தலை இடிக்கிறது என்று அரை மீட்டர் மேலே தூக்கிவிட்டிருப்பார்கள். சத்தம் மட்டும் வரும், உறிஞ்சாது. புகைக்குழல் ஒன்று வாங்கி, வேலை நடக்கும் புள்ளியில் புகை விட்டுப் பாருங்கள். குழாயை நோக்கிப் போகிறதா, முகத்தை நோக்கிப் போகிறதா? படம் எடுத்து அறிக்கையில் ஒட்டினால் ஒரு பத்தி மிச்சம்.

ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சாதாரணக் குப்பைத்தொட்டியில் கசக்கிப் போடும் வழக்கம் உண்டா என்றும் கவனியுங்கள். தானாகச் சூடேறிப் பற்றும். மூடியுள்ள உலோகத் தொட்டி வேண்டும், தினமும் காலி செய்ய வேண்டும்.

சாரக்கட்டு:

வேதிப்பொருள் பேசியே இழை நீள்கிறது. அருங்காட்சியக ஊழியர்களுக்கு அன்றாடம் வலிப்பது முதுகும் தோளும்தான். அதற்கும் கணக்கு உண்டு, அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷின் தூக்கல் சூத்திரம். எவ்வளவு எடை தூக்கலாம் என்று அது சொல்லும். ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன்.

12 கிலோ பெட்டி. 165 செ.மீ. உயரத் தட்டிலிருந்து 85 செ.மீ. உயரத் தள்ளுவண்டிக்கு இறக்க வேண்டும். உள்ளே இருப்பது சாயக்கூடாது, பெட்டியும் அகலம், ஆகவே கை நீட்டித்தான் பிடிக்கணும்: கணுக்காலிலிருந்து கைப்பிடி வரை 45 செ.மீ. பெட்டியில் கைப்பிடித் துளை இல்லை. உடலைத் திருப்பவில்லை, எப்போதாவதுதான் தூக்குகிறார்கள்.

அடிப்படை 23 கிலோ. தூரத்துக்கு 25/45 = 0.556. உயரத்துக்கு 1 − 0.003 × 90 = 0.73 (சூத்திரத்தின் அடிப்படை உயரம் 75 செ.மீ.; 165இல் அதைக் கழித்தால் 90). இறக்கும் தொலைவு 80 செ.மீ., அதற்கு 0.82 + 4.5/80 = 0.876. பிடி மோசம், 0.9. எல்லாம் பெருக்கினால் 7.4 கிலோ. 12ஐ 7.4ஆல் வகுத்தால் 1.6, இதுதான் தூக்கல் குறியீடு. ஒன்றுக்கு மேல் போனாலே ஆபத்துப் பக்கம்.

இப்போது அதே பெட்டியை 100 செ.மீ. தட்டுக்கு மாற்றி, வண்டியை ஒட்டி நிறுத்தி, தூரத்தை 30 செ.மீ. ஆக்குங்கள். 23 × 0.833 × 0.925 × 1 × 0.9 = கிட்டத்தட்ட 16 கிலோ. குறியீடு 0.75. எடையைத் தொடவே இல்லை, இடத்தை மாற்றினோம், அவ்வளவுதான். ‘கவனமாகத் தூக்கவும்’ என்று எழுதிவைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரிகிறதா தங்கச்சி?

ஏணியையும் சொல்லிவிடுகிறேன். ஏணியில் எப்போதும் இரண்டு கால் ஒரு கை, அல்லது இரண்டு கை ஒரு கால் பட்டிருக்க வேண்டும் என்பது விதி. கையில் மட்பாண்டம் இருந்தால் விதி அங்கேயே முடிந்தது. சேமிப்பு அறையில் சாய்வு ஏணியே இருக்கக்கூடாது. கைப்பிடிக் கம்பியும் பொருள் வைக்கத் தட்டும் உள்ள மேடை ஏணி வேண்டும், கீழே வாங்கிக்கொள்ள ஒருவர். விளக்கு மாற்ற சாய்வு ஏணி போட்டால் 4 மீட்டர் உயரத்துக்கு 1 மீட்டர் அடி தள்ளி.

நூலாம்படை:

நகரும் அலமாரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசைக்கு நடுவே ஆள் குனிந்திருக்கும்போது மறுமுனையில் ஒருவர் சக்கரத்தைச் சுற்றுவார். உள்ளே நுழைபவர் பூட்டைப் போட்டுவிட்டு நுழைகிறாரா, அடியில் உள்ள தடுப்புப் பட்டை காலால் தட்டினால் நிற்கிறதா என்று தட்டிப் பாருங்கள். தட்டை மீறி நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பும் ஈட்டியும் அடுத்த வரிசையைக் குத்தும். மேல் தட்டுப் பொருளுக்கும் கூரையில் உள்ள தீயணைப்பு நீர்த் தெளிப்பானுக்கும் நடுவே 45 செ.மீ. விட்டிருக்க வேண்டும்; இடநெருக்கடியில் முதலில் காணாமல் போவது அந்த 45தான்.

புகைமானி:

தீயணைப்பு வாயு உள்ள அறையா என்று முதல் நாளே கேளுங்கள். கரியமில வாயு நிரப்பி அணைக்கும் அமைப்பு 34 சதவீதமோ அதற்கு மேலோ செறிவை உண்டாக்கும். அதில் ஆள் பிழைக்க மாட்டார். மந்த வாயு அமைப்பு ஆக்சிஜனைச் சுமார் 12 சதவீதத்துக்கு இறக்கும். சைரன் ஒலித்து எத்தனை நொடி கழித்து வாயு வரும், தடுத்து நிறுத்தும் பொத்தான் எங்கே, பராமரிப்பு நாளில் அமைப்பை யார் பூட்டி வைக்கிறார்கள்? சேமிப்பு அறைக்குள் போகும் துப்புரவுப் பணியாளரிடம் இதைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் உங்கள் அறிக்கையின் முதல் வரி அதுதான்.

பூச்சியைக் கொல்ல நைட்ரஜன் கூடாரம் போடும் இடத்திலும் இதே கதை. நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. அறை ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் கத்தும் மானி வேண்டும்.

தேன்சிட்டு:

பழைய கருவிகள், கனிமங்கள் பக்கம் என்ன பார்க்கணும்? அங்கே தூசியே இல்லை, எல்லாம் கண்ணாடிக்குள்.

கண்ணாடிமூடி:

சுருக்கமாக. இருட்டில் ஒளிர்ந்த பழைய முகப்பு, திசைகாட்டி, விமானக் கருவி: ரேடியம் 226, அரைவாழ்வு 1,600 ஆண்டு. இப்போது ஒளிரவில்லை என்றால் கெட்டது துத்தநாக சல்பைடு. ரேடியம் அப்படியே இருக்கிறது. கண்ணாடி உடைந்த முகப்பைத் திறக்கவே கூடாது, பெயின்ட் உதிரும். யுரேனியக் கனிமமும் இவையும் ஒரே அலமாரியில் இருந்தால் ரேடான் என்னும் கதிரியக்க வாயு தேங்கும். இங்கேயும் அடைப்புதான் வில்லன்.

உலகப்போர்க் கால எரிவாயு முகமூடிகளின் வடிகட்டியில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளை அணியச் சொல்லும் நிகழ்ச்சி நடக்கிறதா என்று விசாரியுங்கள். பழைய மருந்துப் பெட்டியில் பிக்ரிக் அமிலம் என்று லேபிள் பார்த்தால், குறிப்பாகக் காய்ந்து மஞ்சள் படிகமாக இருந்தால், மூடியைத் திருகாதீர்கள், நகர்த்தாதீர்கள். அறையை மூடிவிட்டு வெடிபொருள் நிபுணரைக் கூப்பிடுங்கள். கண்ணாடி உருண்டை வடிவப் பழைய தீயணைப்பானில் கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் நச்சுத் திரவம் இருக்கலாம். நைட்ரேட் படச்சுருள் இருந்தால் தனி அறை, குளிர். எரியும்போது தன் ஆக்சிஜனைத் தானே தரும் என்பதால் தண்ணீருக்கு அடியிலும் எரியும்.

சாரக்கட்டு:

பயிற்சி மாணவியின் தலையில் இவ்வளவையும் ஏற்றுவது சரியா? துடைப்பு மாதிரிகூட அனுபவசாலி எடுப்பதே நல்லது என்பேன்.

நூலாம்படை:

துடைப்பு மாதிரியை மேற்பார்வையில் எடுக்கலாம்; அலமாரியில், பொருளின் மேல் அல்ல. பொருளைத் தொடுவதானால் காப்பாட்சியரின் எழுத்து அனுமதி வேண்டும். எக்ஸ்ஆர்எஃப், கதிரியக்கம், பிக்ரிக் எல்லாம் பார்த்தால் நிறுத்து, சொல், விலகு. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

அறிக்கை பற்றி என் கருத்து: 5×5 அட்டவணையில் 12, 15 என்று நிறம் தீட்டினால் அடுத்த ஆண்டு யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அதற்குப் பதில் ஆபத்தைப் பொருளின் பதிவெண்ணோடு கட்டுங்கள். பதிவேட்டில் ஒரு புதுப் புலம்: என்ன நச்சு, எந்தச் சோதனை, எந்தத் தேதி, எந்தக் கையுறை. பெட்டியின் மேல் அதே தகவலோடு சீட்டு. பொருள் கடனாக வெளியே போனால் அந்தத் தகவலும் காகிதத்தோடு போக வேண்டும். அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் நாக்ப்ரா சட்டத்தின் கீழ்ப் பழங்குடி மக்களுக்குப் பொருளைத் திருப்பித் தரும்போது, தெரிந்த பூச்சிக்கொல்லிப் பூச்சைச் சொல்லியாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. காரணம், அவர்கள் அதை அலமாரியில் வைக்க வாங்கவில்லை, சடங்கில் அணிவார்கள்.

சாரக்கட்டு:

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அட்டவணையே வேண்டாம் என்பது அதிகம் அக்கா. எதற்கு முதலில் பணம் ஒதுக்குவது என்று நிர்வாகம் கேட்கும்போது ஏதோ ஒரு வரிசை வேண்டுமே.

நூலாம்படை:

வரிசைக்கு ஒரு பக்கம் போதும் தம்பி.

தேன்சிட்டு:

பறவை அறை, ஜாடி அறை இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: ஹெபா கருவியின் பை நிறைந்தால் யார், எங்கே மாற்றுவது? கையேட்டில் ‘பையை அகற்றவும்’ என்று மட்டும்தான் இருக்கிறது.

புகைமானி:

அந்த ஒரு வேலையில்தான் மொத்த ஆண்டின் தூசியும் ஒரே இடத்தில் இருக்கிறது. சேமிப்பு அறைக்குள் வேண்டாம். காற்று வெளியே போகும் தனி இடம். தரையில் பாலித்தீன் விரிப்பு. இரட்டைக் கையுறை, பி100, முழுக்கை மேலுடை. கருவியை அணைத்துச் சில நிமிடம் விட்டுத் திறக்கவும். பை முக்கால் நிறைந்ததும் மாற்றவும், நிரம்பக் காத்திருக்க வேண்டாம். பையின் வாயை அதன் மூடியால் அடைத்து, மெல்ல எடுத்து, தடித்த பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில். உள்ளே காற்றை அமுக்கி வெளியேற்றக்கூடாது. கருவியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியும் விரிப்பும் வெளிக் கையுறையும் இரண்டாவது பைக்குள்ளேயே. கவசத்தைக் கடைசியாகக் கழற்றவும். பையின் மேல் ‘ஆர்சனிக் தூசி’ என்றும் தேதியும் எழுதி ஆபத்தான கழிவாகவே அனுப்பவும். சாதாரணக் குப்பையில் போனால் அடுத்து அதைத் தொடுபவருக்குக் கையுறைகூட இருக்காது.